ஏழு நாள் கட்டு

ப்ராசர் தொரை செத்துப்போன சேதி
நாலு மாசம் கழித்து நீலக் கடிதத்தில் வந்தது.
ஆஸ்பத்திரிச் சுவரில் கல் பதிக்கிறார்களாம்.
"அங்கம்மா, உனக்குத்தான் அதிகம் தெரியும், சொல்லு."

சொல்கிறேன்.
என் இடது கண் போனது அவர் கையில் என்று
பொதட்டூர்ப்பேட்டை முழுக்கத் தெரியும்.

அவர் ஊர் வேல்ஸ்.
இங்கிலாந்து என்றால் கோபம் வரும்,
எங்களை வெறும் தமிழர் என்றாலோ வெறும் தெலுங்கர் என்றாலோ
எங்களுக்கு வருகிற மாதிரி.
'ழ'வை மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார்.
அவர் பிறந்த ஊரின் பேரை
எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.
நாக்கின் ஓரத்தில் காற்றை விடவேண்டும்,
பூனை சீறுவதுபோல.

அப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில்.
முப்பது வருஷம் இருட்டையே பார்த்த கண்
வெளிச்சத்துக்கு வந்தபின் நிற்கவில்லையாம்;
மணி இரண்டும் இங்குமங்கும் ஓடுமாம்.
மகனின் முகம் கடைசிவரை
ஆடிக்கொண்டேதான் இருந்ததாம் அந்த மனுஷனுக்கு.
வந்த முதல் வாரம், எங்கள் தெருவில்
ஒரு தறி முன்னால் தொரை வெகுநேரம் நின்றார்.
நாடா இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
"நாயன கண்ணு" என்றார், தெலுங்கு பாதி தமிழ் பாதியாக.
நெசவுக்காரர் தறியை நிறுத்திவிட்டார்.

அரிசி மில் கிடங்கில்தான் முதல் அறுவை.
சத்தியவேட்டிலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள்.
நகரி மலை மூக்கை ஜன்னலில் காட்டிச் சொல்வார்:
"இவ்வளவு பெரிய மூக்கு, மாட்டக் கண்ணாடி இல்லை."
யாரும் சிரிக்காவிட்டாலும்
அடுத்த முகாமிலும் அதையே சொல்வார்.

அறுபதாம் வருஷம், பங்குனி.
நாடா தெறித்து அடித்த என் கண்ணில் புரை.
அறுத்தபின் ஏழு நாள், இரண்டு கண்ணிலும் கட்டு.
தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை.
இருமக்கூடாது. தும்மக்கூடாது. அழக்கூடாது.
ஐந்தாம் ராத்திரி வெளியே மேளம், வேட்டு.
விடிந்தால் நாம் மதராஸ் ராஜ்யம் என்றார்கள்.
ஆந்திராவில் படுத்தவள் மதராஸில் எழுந்திருப்பேன்.
பக்கத்துக் கட்டில்காரி, அவளுக்கும் கட்டுதான், கேட்டாள்:
"கோட்டைத் தரையில போடுவாங்களா, காயிதத்துலயா?"

ஏழாம் நாள் அவிழ்த்தார்.
வலது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "எத்தனை விரல்?"
மூணு என்றேன்.
அவர் விரலே நீட்டவில்லை.

கம்பவுண்டர் தேவவரம் பதிவேட்டில் எழுதினார்:
'நோயாளி கண்ணைக் கசக்கிவிட்டாள்.'
தொரை அதை அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினார்:
'தையல் போதவில்லை. தவறு என்னுடையது.'
அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.
அடுத்த அறுவையிலிருந்து எல்லாருக்கும்
ஒரு தையல் கூட.
அந்த ஒரு தையலால் எத்தனை கண் பிழைத்ததோ.

எனக்கு வேலை கொடுத்தார், கத்தி கொதிக்கவைக்க.
பத்தொன்பது வருஷம்.
புதுசாக வருகிற ஒவ்வொரு டாக்டரிடமும்
என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்:
"இது நான் கெடுத்த கண். இதைப் பார்த்துவிட்டு உள்ளே வா."
நான் நிற்பேன்.
அடுப்பில் தண்ணீர் தளதளக்கும்.

கை நடுங்கத் தொடங்கிய அன்றைக்கே
கத்தியைத் தானே கழுவி என்னிடம் நீட்டினார்.
ரேணிகுண்டா ஸ்டேஷனில், ரயில் நகருமுன்,
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் என் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ரயில் போய்விட்டது.

தேவவரம் எழுதியதுதான் சரி.
வேட்டுச் சத்தம் கேட்ட ராத்திரி கட்டைத் தூக்கினேன்.
ஜன்னலில் சிவப்பாக ஒரு வாணம், பூவாகி உதிர்ந்தது.
அந்தக் கண் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.
பிறகு எரிந்தது. கசக்கினேன்.
காலையில் கட்டு கட்டினபடியே இருந்தது.

கல்லில் என்ன வேண்டுமானாலும் வெட்டுங்கள்.
இருபத்தெட்டாயிரம் கண் என்று
பதிவேட்டைக் கூட்டிச் சொன்னீர்களே, அதையும் போடுங்கள்.
அவர் இருந்தால் ஒன்றைக் கழிக்கச் சொல்வார்.
கழிக்காதீர்கள்.